வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு, சைக்கிளுக்குள் தண்ணீருடன்

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குச் சைக்கிளில் போகலாமா என்று கேட்பவர்களிடம், "போகலாம், ஆனால் யோசித்துப் போங்கள்" என்றுதான் இதுவரை சொல்லிவந்தேன். சென்ற மாதம் நானே போய்வந்தேன். இப்போது கொஞ்சம் விவரமாகவே சொல்லலாம்.

போன காரணம் இது. என் மனைவி பூமணி இரண்டாவது பேற்றுக்காகக் கொட்டாஞ்சேனையில் தன் தமையன் வீட்டில் இருந்தாள். புதன்கிழமை ஆண் குழந்தை பிறந்ததாக நான் வேலை செய்யும் கந்தோருக்குச் சேதி வந்தது. கந்தோர்ப் பெரியவரிடம் லீவு கேட்டேன். உலகச் சண்டைக் காலத்தில் பிள்ளை பார்க்கவெல்லாம் லீவு கிடையாது என்றுவிட்டார். ஞாயிறுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். என்னோடு இருந்த ஏழு வயது மகள் சாந்தியையும் கூட்டிப்போக வேண்டும். பூமணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சரக்குத்தூள் பொதியையும் கொண்டுபோக வேண்டும். பிள்ளை பெற்றவள் அந்தத் தூளில் வைக்கும் பத்தியக் கறி இல்லாமல் நான்கு நாள் இருந்துவிட்டாள் என்பதே எனக்குப் பெரிய கவலை.

ரயிலில் போயிருக்கலாம். ஆனால் இப்போது ரயிலில் படைக்காரர் போக மிச்ச இடத்தில்தான் நாம் நிற்க வேண்டும். நெரிசலில் சாந்திக்கு வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும். ஆகவே சைக்கிளே சரி என்று முடிவு செய்தேன். பொதி பின்னால் கரியரில், மகள் முன்னால் பாரில். பாரில் ஒரு பழைய துவாயைச் சுற்றிக் கட்டினேன், அவளுக்கு நோகாது.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். தூரம் ஏறக்குறைய ஏழு மைல். ஆனி மாதத்து மழை இரவெல்லாம் பெய்து ஓய்ந்திருந்தது. காலி வீதி நல்ல வீதி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பம்பலப்பிட்டியைத் தாண்டும்போது சாந்தி குனிந்து பாரில் காதை வைத்தாள்.

"அப்பா, இதுக்குள்ள தண்ணி ஆடுது."

"அது செயின் சத்தம் பிள்ளை."

"இல்லையப்பா. இளநியைக் குலுக்கிப் பாக்கிற மாதிரிக் கேக்குது."

நான் காலை ஊன்றி நிறுத்தி, சைக்கிளை மெல்ல ஆட்டிப் பார்த்தேன். பிள்ளை சொன்னது உண்மை. பெடல் பக்கத்துக் குழாய்க்குள் தண்ணீர் அலம்பியது.

கந்தோரில் என்னோடு வேலை செய்யும் ஒருவருடைய சைக்கிள் சென்ற வருடம் இப்படித்தான் நடுவீதியில் இரண்டாக முறிந்தது. வெளியே பளபளவென்று பெயின்ற், உள்ளே துருப்பிடித்து அப்பளம். மனிதர் முன்பல் இரண்டை இழந்தார். அவர் தனியாகத்தான் போனார். என் பாரில் என் மகள் இருந்தாள். பின்னால் லொறிகள் வந்துகொண்டிருந்தன. எனக்கு ஒரு கெட்ட பழக்கம், ஒன்று நடக்கலாம் என்றால் அது நடந்து முடிந்ததாகவே கண்ணுக்குள் வந்துவிடும். பூமணியிடம் போய் என்ன சொல்வது என்பதுவரை யோசித்துவிட்டேன். திரும்பிப் போகலாமா என்றால் அதுவும் இதே சைக்கிளில்தான்.

பயந்துகொண்டே, மாட்டுவண்டியைவிட மெதுவாக ஓட்டினேன். காலிமுகத்திடல் வழியில் கடற்காற்று தள்ளும், கோட்டையில் சோதனைக் கெடுபிடியும் உண்டு. ஆகவே கொள்ளுப்பிட்டியில் திரும்பிக் கொம்பனித்தெரு வழியாக மருதானைக்குப் போனேன். நீங்களும் அப்படியே போங்கள். ஆனால் மருதானையில் டிராம் தண்டவாளத்தைக் குறுக்காகவே கடக்க வேண்டும். நேராகப் போனால் சில்லு அதற்குள் இறங்கிவிடும். அந்தத் தண்டவாளத்தில் ஏறி இறங்கியபோது உள்ளே தண்ணீர் களக் என்றது. நான் மகளின் இடுப்பை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, நோகுது," என்றாள்.

ஸ்டேஷனுக்கு அருகில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு முஸ்லிம் நானாவின் தேநீர்க் கடையில் ஒதுங்கினோம். சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு, வழக்கம்போலச் சட்டைப் பையிலிருந்து ஸ்பானரை எடுத்துச் சீற்றைத் தண்டோடு கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். கப்பலில் சாமான் வருவது நின்றபிறகு கொழும்பில் சைக்கிள் சீற் களவு அதிகம். கந்தோரிலும் நான் அப்படித்தான். சைக்கிள் முற்றத்தில் நிற்கும், சீற் என் மேசைக்கடியில் இருக்கும். இரண்டு வருடமாக ஒரு கள்வனுக்கும் நான் இடம் கொடுத்ததில்லை.

தேநீரைக் கொண்டுவந்து வைத்த நானா என் கக்கத்தைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், சீட்ட மட்டும் மாப்புள மாதிரி கூட்டிட்டு வந்தீக்கிறீங்க. அந்தா, சைக்கிளு வாயத் தொறந்துக்கிட்டு மழையில நிக்கிது. அதுக்கும் ஒரு பிளேன்டீ ஊத்தவா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சாந்தியும் சிரித்தாள். நான் வாசலைப் பார்த்தேன். சீற் இருந்த இடத்தில் குழாய் ஆவென்று திறந்திருக்க, கூரைத் தண்ணீர் தாரையாக அதற்குள்தான் விழுந்துகொண்டிருந்தது.

தேநீரை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்ச் சைக்கிளைத் தலைகீழாகத் தூக்கினேன். துருக் கறள் கலந்த கபிலத் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. பெரிய கோப்பையொன்று நிறைந்திருக்கும். இரண்டு வருடத்து மழையை நானே வாய் திறந்து வைத்துப் பிடித்திருக்கிறேன். தண்ணீர் போனதும் பயம் கூடியது. இத்தனை காலம் ஊறிய இரும்பு உள்ளே எப்படி இருக்கும்?

அதற்குமேல் மகளை ஏற்றி ஓட்ட எனக்குத் துணிவு வரவில்லை. மழை விட்டதும் பொதியையும் அவளையும் சைக்கிளில் வைத்து, பக்கத்தில் நடந்தபடி தள்ளிக்கொண்டு போனேன். முறிந்தால் கையில் தாங்கலாம் என்ற எண்ணம். மாளிகாவத்தை, கிராண்ட்பாஸ் என்று சேறும் சனமுமாக வழி நீண்டது. வீட்டு வாசலை அடையும்போது பத்தரை தாண்டிவிட்டது.

பூமணியின் தமையன் செல்லத்துரை மச்சான் நல்ல பாரமான ஆள். விசயத்தைக் கேட்டதும் சைக்கிளில் ஏறியிருந்து, முற்றத்துக் கல்லில் மோதி, எழுந்து எழுந்து குதித்தார்.

"மச்சான், பாத்து!" என்று நான் கத்தினேன்.

"என்னைத் தாங்கினால் உன்ரை குடும்பம் முழுக்கத் தாங்கும்," என்றார். ஒரு நெளிவுகூட இல்லை. பிரேம் கெட்டியாகவே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மழைத் தண்ணீர் என்று துடைத்துக்கொண்டேன்.

ஆகவே போகிறவர்களுக்குச் சொல்வது: மழை காலத்தில் சீற்றைக் கழற்றினால் அந்தக் குழாய்க்கு ஒரு தக்கை அடையுங்கள், அல்லது எண்ணெய்த் துணி கட்டுங்கள். சீற்றைத் திரும்பப் பூட்டியபிறகும் அதன் தண்டு குழாயில் இறங்கும் இடத்தைச் சுற்றிப் பழைய ரியூப் துண்டொன்றை இறுக்கிவிட்டால் தண்ணீர் இறங்காது. பெடல் அச்சுக்கு அடியில் சிறு துளை இருந்தால் சேறு அடையாமல் ஈர்க்கால் குத்திவிடுங்கள், உள்ளே போன தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியேறும். என் சைக்கிளில் அது சேற்றால் அடைபட்டுக் கிடந்தது. மாதம் ஒருமுறை தலைகீழாக வடித்து, உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட்டு ஆட்டுங்கள். தேநீர் ஒன்றுக்கு மூன்று சதம், வழியில் வேறு செலவில்லை.

அன்று அந்த வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். சைக்கிளைத் துடைத்து, மறுபடி தலைகீழாகப் பிடித்து வடித்தபிறகு, சீற்றை அதிலேயே விட்டுவிட்டு உள்ளே போனேன், முதல் தடவையாக. ஆனால் வீட்டுக்கு முன்னாலுள்ள அந்தச் சிறு ஒழுங்கையில் போன கிழமைதான் ஒரு சீற் களவு போனதாம். ஆகவே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாசலுக்கு எழுந்து போய்ப் பார்த்தபடி இருந்தேன். நான்காவது முறை எழும்பும்போது பூமணி பாயிலிருந்து கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ. வந்து ஒரு மணித்தியாலமாச்சு. சைக்கிளைத் துடைச்சாச்சு, தலைகீழாப் பிடிச்சாச்சு, எட்டி எட்டிப் பாத்தாச்சு. உங்கடை மகனை இன்னும் கையில வாங்கேல்லை."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. கைகளில் கறள் இருந்தது. கிணற்றடியில் போய்த் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். சாந்தி என் தோளில் சாய்ந்துகொள்ள, பூமணி பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

வெளியே மறுபடி மழை பிடித்தது. வாசலில் யாரோ நடக்கும் சத்தமும் கேட்டது. நான் எழும்பவில்லை.