ராமோன் மறுபடியும் பாஸ்கெட்பால் கோர்ட்டுக்குப் போனார்

"முதலில் உயிரைக் காப்பாற்றுவோம். காலைப் பற்றிப் பிறகு பேசலாம்" என்று டாக்டர் சொன்னபோது நான் ஐசியூ வாசலில் நின்றிருந்தேன். நானும் நர்ஸ்தான். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். காலை எடுக்க வேண்டி வரலாம்.

என் கணவர் ராமோன் பிலிப்பைன்ஸ்காரர். செபுவில் பிறந்து, மணிலாவில் சம்பளத்துக்கு பாஸ்கெட்பால் ஆடியவர். நான் தூத்துக்குடிக்காரி. சிங்கப்பூரில் ஒரே சபைக்குப் போய்வந்தபோது பழகினோம். கல்யாணத்துக்குப் பிறகு மெல்பர்ன் வந்து டார்னெய்ட்டில் குடியேறினோம். இங்கே ராமோனுக்குப் பகலில் வேர்ஹவுஸ் வேலை, சனிக்கிழமை கிளப் ஆட்டம். பந்து கையில் இருந்தால் அவருக்கு வேறொன்றும் வேண்டாம்.

போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் ஒரு ஆட்டம். குதித்து இறங்கும்போது முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல் ஏறியது. ஆபரேஷன் செய்த முழங்காலில் தொற்றிய கிருமி ரத்தத்தில் கலந்து, ஐசியூவில் சேர்த்தார்கள்.

எங்கள் ஜெபக்குழுவில் யாழ்ப்பாணத்து ரஜனி அக்கா இருக்கிறார். அவருக்குத்தான் போன் செய்தேன். "அழாதையும் எஸ்தர். நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஜெபிக்கிறம்" என்றார். காய்ச்சல் இறங்கியது. உயிர் தப்பியது, காலும் தப்பியது. முழங்கால் மட்டும் முழுசாக மடங்கவில்லை. இனி ஆட முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் எனக்குப் பெரிய இருட்டு. ஜெர்சிகளையெல்லாம் மூட்டை கட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார். சபைக்கு வரமாட்டார். சுவரைப் பார்த்துப் படுத்தே கிடப்பார். ஒருநாள், "கடவுள் என்னை எதுக்குக் காப்பாத்தினார்?" என்று கேட்டார். 'ஆண்டவரே, அந்த முழங்காலைச் சரியாக்கும்' என்று தினமும் கெஞ்சினேன். ஒன்றும் நடக்கவில்லை. கோபம்கூட வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்திலுள்ள பாயிண்ட் குக் பகுதியில், ரஜனி அக்கா வீட்டில் ஜெபக்கூட்டம். அக்கா ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்கிறார். ஜெபக் குறிப்பு கேட்டபோது அவர் சொன்னார்: "எங்கட கொலிஜில பெண் பிள்ளையளின்ர பாஸ்கெட்போல் டீமுக்கு கோச் இல்லாமல் போச்சுது. டீமைக் கலைக்கப் போயினமாம். பிள்ளையள் அழுகினம். அதுக்கும் ஜெபியுங்கோ."

எல்லாரும் கண்ணை மூடினார்கள். என்னால் முடியவில்லை. எதிரே அக்காவும் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்ததும், "அக்கா, அவர் கட்டிலை விட்டே எழும்ப மாட்டேங்கிறார்" என்றேன்.

"ஓம், தெரியும். கேட்டுத்தான் பாருமன்."

கேட்டேன். "நான் ஆடுறவன். கோச் இல்லை" என்று ராமோன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் பொறுமை போய்விட்டது. "சரி, படுத்தே இருங்க. அந்தப் பிள்ளைங்களும் ஆட வேண்டாம்" என்று கத்திவிட்டேன். மறுநாள் காலையில் காபி கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டார்: "அந்த டீம்ல எத்தனை பேர்?"

முதல் பயிற்சிக்குக் கைத்தடியோடு போனார். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தார். தட்டிலிருந்த இட்லிகளை நகர்த்தி நகர்த்தி, இவள் இங்கே நிற்கணும், அவள் இப்படி ஓடணும் என்று காட்டினார். சாம்பார் ஆறிப்போனது. நான் சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

முதல் சீசனில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளையும் விலகவில்லை. கோச்சிங் படிப்பை முடித்தார். கல்லூரி அவரை நிரந்தரமாக எடுத்துக்கொண்டது. இந்த வருஷம் அரையிறுதி வரை போனார்கள். தோற்ற பிள்ளைகள் அவர் தோளில் சாய்ந்து அழுதபோது, "அடுத்த வருஷம் நானும் இருக்கேன், நீங்களும் இருக்கீங்க. போதாதா?" என்று அவர் ஆங்கிலத்தில் தேற்றியதைக் கேட்டேன். எதுக்குக் காப்பாத்தினார் என்று கேட்ட அதே மனிதர்!

அவர் முழங்கால் இன்றைக்கும் முழுசாக மடங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் நாங்கள் முழங்காலில் நிற்கும்போது அவர் மட்டும் என் பக்கத்தில் நின்றபடியே ஜெபிக்கிறார். நான் கேட்டது ஒரு முழங்கால். ஆண்டவர் என் புருஷனையே திருப்பித் தந்தார். எப்படி நன்றி சொல்வேன்!

கேட்டது கிடைக்கவில்லையே என்று சோர்ந்திருக்கிற அண்ணன், அக்கா, தங்கச்சி யாராவது இங்கே இருந்தால், தயவுசெய்து ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். தனியாகவும் அழாதீர்கள். வெள்ளிக்கிழமை எங்களோடு வந்து உட்காருங்கள். என் ஜெபத்தைக் கேட்ட ஆண்டவர் உங்கள் ஜெபத்தையும் கேட்பார்.