சவரிமுத்துவுக்கு ஒரு பூசை

போன வாரம் பட்டாவில் பெயர் மாற்றுவதற்காகத் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தேன். அங்கிருந்த பெண் கணினியில் நாலு தட்டுத் தட்டி, "முடிஞ்சுதுங்க, மெசேஜ் வரும்" என்றார். நான் எழுந்திருக்கவும் யாரோ பின்னால் ஒரு பழைய பீரோவைத் திறக்கவும் சரியாக இருந்தது. பாச்சை உருண்டையும் மக்கிய காகிதமும் கலந்த வாசனை. வரிசையாக ஏழு தும்மல் போட்டேன். இந்தத் தும்மல் என் தாத்தாவைத் தேடிப் போன இடங்களில் வாங்கி வந்தது என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் நான் எழுத்தராக இருந்த காலம் அது. சேலத்தை அடுத்த ஜலகண்டாபுரத்திலிருந்து ஆரோக்கியம் அத்தை, என் அப்பாவின் அக்கா, ஆள் விட்டு வரச் சொன்னார். பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் அவரிடம் பேச வேண்டும்.

"எங்கப்பன் பட்டாளத்துக்குப் போனதோட சரி. செத்தாரா இருக்காரான்னு ஒரு கடுதாசி இல்ல. கல்லறைத் திருநாளைக்கு ஊரே செத்தவங்க பூசைக்குப் பேரு குடுக்குது. உசுரோட இருக்கறவருக்கு அந்தப் பூசைய வெச்சுட்டா பாவமில்லியா சாமி?"

தாத்தா இரண்டாம் உலகச் சண்டைக்குப் போனபோது அத்தைக்கு இரண்டு வயது. என் அப்பா வயிற்றில். அப்பா தன் அப்பாவைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். கேட்பதற்கு அத்தைக்கு என்னைவிட்டால் ஆளில்லை. ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். படித்தவன் இல்லையா, அந்தத் திமிர்.

இரண்டு வருடம் ஆனது. படைவீரர் பதிவேடுகள் இருக்கும் அலுவலகத்துக்கு எழுதினால் ஆறு மாதம் கழித்து, அப்படி ஒருவர் இல்லை என்று ஒரு வரி வரும். சவரிமுத்துவை ஆங்கிலத்தில் எத்தனை விதமாகக் கெடுத்து எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதிப் போட்டேன். ஒருமுறை மதுரைப் பக்கத்துச் சவரிமுத்து ஒருவரின் விவரத்தை அனுப்பிவைத்தார்கள். பாவம், அவர் பர்மாவில் செத்திருந்தார். ஒரு நிமிடம், இவரையே தாத்தாவாக வைத்துக்கொண்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. அவ்வளவு அலுப்பு.

கடைசியில் வழி காட்டியது கோயில் ஞானஸ்நானப் பதிவேடுதான். லத்தீனில் எழுதியிருந்த அந்த நோட்டில் தாத்தாவின் அப்பா பெயர் இருந்தது. அதற்குப் பக்கத்தில், பிள்ளையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், 'சவேரியுஸ்'. ஆங்கிலத்தில் அது எக்ஸ் எழுத்தில் தொடங்கும். சவேரியார் பெயர்தான் நம் வாயில் சவரி ஆகியிருக்கிறது என்பது அத்தனை வருடம் கோயிலுக்குப் போன எனக்கு உறைக்கவே இல்லை. சாமியாரிடம் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு பட்டாளத்துக்குப் போனவர் அந்தப் பெயரில்தானே சேர்ந்திருப்பார்!

மறுபடி எழுதினேன். இந்த முறை பதில் சீக்கிரம் வந்தது. லாரி ஓட்டுநராக வெளிநாட்டில் பணியாற்றினார். சண்டை முடிந்ததும் நல்ல உடல்நிலையில் விடுவிக்கப்பட்டார். புக்கிங் ஆபீசிலேயே அந்தக் காகிதத்தைப் பிரித்தேன். நல்ல உடல்நிலையில் என்ற இடத்தைத் தாண்ட முடியவில்லை.

அதன்பின் கலெக்டர் ஆபீஸ் ஆவண அறையில் பல நாள் தும்மினேன். சண்டைக்குப் போய் வந்தவர்களுக்கு அரசு நிலம் கொடுத்த பட்டியலில் அவர் இருந்தார். தம்மம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம்.

அங்கே மரவள்ளிக் காட்டில் ஒருவர் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். என் அப்பாவின் முகம், அப்பாவின் காது. அவர் சவரிமுத்துவின் மகன்தான், இரண்டாவது குடும்பத்து மகன். யார் என்று கேட்டபோது, நிலப் பதிவு சரிபார்க்க வந்திருப்பதாகப் பொய் சொன்னேன். சொம்பில் மோர் கொடுத்தார்.

"எங்கப்பா சேலம் பக்கமே போவ மாட்டாரு. ஏன்னு கேட்டா எழுந்து போயிடுவாரு. ஆனா ராத்திரி ஜெபத்துல ஆரோக்கியம், ஆரோக்கியம்னு ஒரு பேர சொல்லுவாரு. நாங்க ஆரோக்கிய மாதாவத்தான் சொல்றாருன்னு நெனச்சிக்கிட்டு இருந்தோம்."

கல்லறையையும் அவரே கூட்டிப்போய்க் காட்டினார். சிமெண்டுச் சிலுவையில் பெயரும் இறந்த நாளும் எழுதியிருந்தது. நான் பிறந்த அதே வருடம்.

அத்தையிடம் சொல்லப் போனபோது பஸ்ஸில் நாலு விதமாகக் கதை கட்டினேன். ஒன்றும் அவர் முன்னால் நிற்கவில்லை.

"செத்துட்டாருங்க அத்தே."

"எப்போ?"

"நான் பொறந்த வருசம்."

என்னை முதலில் கையில் வாங்கியவர் அவர். விரல் விட்டு எண்ண வேண்டிய அவசியம் இல்லை.

"எங்க இருந்தாரு?"

"தம்மம்பட்டிப் பக்கங்க."

"பஸ்ல போற தூரந்தானா?"

"ரெண்டு பஸ் மாறோணுங்க."

ஜெபத்தில் சொன்ன பெயரைப் பற்றியும் சொன்னேன். அது ஆறுதலா தண்டனையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இன்னொரு குடும்பத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"அதுக்கப்பறம் ஆறு வருசம் எங்கம்மா பூ வெச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

தறி ஓடிக்கொண்டிருந்தது. "பூசைக்குப் பேரக் குடுத்துட்டு வந்துரு சாமி. எங்கம்மா பேரையும் குடு" என்றார். நான் வாசலுக்குப் போனதும் மறுபடி கூப்பிட்டார். "ஒண்ணா வேண்டாம். தனித்தனியாவே குடு."

அப்படியே கொடுத்தேன். அத்தை போய்ச் சேர்ந்தும் வெகு காலமாகிவிட்டது.

தாலுகா ஆபீசிலிருந்து வந்த மறுநாள் என்னவோ தோன்றி, தம்மம்பட்டிக்குப் பஸ் ஏறினேன். கல்லறைத் தோட்டத்தில் இடம் போதவில்லை என்று பழைய குழிகளைச் சமப்படுத்திவிட்டார்களாம். தாத்தா இருந்த இடத்தில் ஒரு இளம்பெண்ணின் படம் பதித்த பளிங்குக் கல். மரவள்ளிக் காட்டில் மனைக் கற்கள் நட்டிருந்தார்கள். அந்தக் குடும்பம் விற்றுவிட்டுத் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டது; எந்த ஏரியா என்று யாருக்கும் தெரியவில்லை. பெட்டிக்கடைக்காரர், "அவரு பேரு என்ன சொன்னீங்க?" என்றார்.

மோர் கொடுத்த அந்த மனிதர் எனக்குச் சித்தப்பா. அன்றைக்கு அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.