மூடக் கூடாது

எனக்கு மூக்கு மேல கோபம் வரும். அன்னிக்கும் அப்படித்தான், தலை நரைச்சு இடுப்பு வளைஞ்ச இன்னிக்கும் அப்படித்தான். அந்தக் கோபத்தாலதான் எல்லாம் நடந்ததுன்னு சொன்னா பாதி நிஜம். மீதியை இத்தனை வருசமா யார்கிட்டயும் சொல்லலை.

யுத்த காலம். பெட்ரோலுக்கு ரேஷன். நானும் என் தங்கச்சி புருஷனும் சேர்ந்து ஒரு பழைய கார் வெச்சிருந்தோம். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை வித்துட்டுப் போனது. நீளமான வண்டி, மேல கித்தான் கூரை, பக்கமெல்லாம் திறப்பு. ஆவடி ஸ்டேஷனுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவுல ஆள் ஏத்துவோம். மாப்பிள்ளை ஓட்டுவார், நான் கூவிக் கூவி ஏத்துவேன். பெட்ரோல் கிடைக்காம போனதும் ஊரோட ஒத்து நாங்களும் வண்டிக்குப் பின்னாடி கரி டிரம்மை மாட்டினோம். அடுப்புக்கரியைக் கொட்டி மூட்டி விட்டா, அதுல கிளம்புற வாயு குழாய் வழியா இன்ஜினுக்குப் போகும், வண்டி ஓடும். ஓடும்னா, மாட்டு வண்டிக்காரன் திரும்பிப் பார்த்து சிரிக்கிற வேகத்துல ஓடும்.

ஐப்பசி மழையில கித்தான் தாங்கலை. ஏறினவங்க நனைஞ்சு போய் எங்களைத் திட்டினாங்க. சரி, கித்தானை எடுத்துட்டு நாலு பக்கமும் அடைச்ச பொட்டியா கட்டிடலாம்னு முடிவு பண்ணினோம். அம்பத்தூர்ல ஒரு ஆசாரியைப் பிடிச்சோம். அவர் டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி எல்லாத்தையும் அறுத்தெடுத்துட்டு, சுத்தி பலகை அடிச்சு, மேல தகரம் போட்டு, உள்ள ரெண்டு பெஞ்சு வெச்சு, இடது பக்கம் ஒரு கதவு மாட்டினார். பார்க்க அலமாரிக்குச் சக்கரம் வெச்ச மாதிரி இருந்தது. எங்களுக்கு அது தேர்.

வண்டியோட உடம்பை மாத்தினா பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து சர்ட்டிபிகேட் தரணும், இல்லாட்டி ரோட்டுல ஓட்ட முடியாது. பூந்தமல்லியில ஒரு புளியமரத்தடியில வண்டியைக் காட்டினோம். ஒல்லியான மனுஷன். உயரம் அளந்தார், அகலம் அளந்தார். அப்புறம் பொட்டிக்குள்ள தானே போய் உட்கார்ந்து, "கதவைச் சாத்து. கரியை மூட்டி இன்ஜினை ஓட விடு"ன்னார். கொஞ்ச நேரத்துல நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினார்.

"இதுக்கு சர்ட்டிபிகேட் கிடையாது."

"இன்னா சார் இது! பலகையெல்லாம் தேக்கு சார்" என்றேன்.

"பலகையில குறை இல்லை. பின்னாடி எரியுற கரியோட வாயு உள்ள வருது. அதுக்கு வாசனை இல்லை, கண்ணுக்கும் தெரியாது. உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தூக்கம் வர்ற மாதிரி இருக்கும். அவ்வளவுதான்."

சாக்பீஸை எடுத்து ரெண்டு பக்கப் பலகையிலயும் முழ நீளம், சாண் அகலத்துக்குக் கோடு போட்டார். "இங்க வெட்டு. கதவு போடாதே, கண்ணாடி போடாதே, கித்தான் கட்டாதே. பக்கத்துல மூடக் கூடாதுன்னு எழுதி வை."

வர்ற வழியெல்லாம் நான் கத்தினேன். "மழைக்குன்னு பொட்டி கட்டினா, அதுல ஓட்டை போடச் சொல்றான் பாரு! சட்டம் படிச்சவனாம்! இவன் ஒரு நாள் மழையில நனைஞ்சிருப்பானா?"

"வுடு மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "வெட்டிட்டா சர்ட்டிபிகேட் தரேன்னு சொல்லிக்கீறாரு இல்ல."

வெட்டினோம். வெள்ளை பெயிண்ட்டால எழுதியும் வெச்சோம். சர்ட்டிபிகேட் வந்தது.

அந்த மழைக்காலத்துலதான் என் தங்கச்சிக்குப் பிரசவம். கல்யாணமாகி ஏழு வருசம் அவ வயித்துல ஒண்ணும் தங்கலை. அவ போகாத கோயில் இல்லை, கேட்காத பேச்சு இல்லை. எங்களுக்கு அம்மா கிடையாது, அவளுக்கு நல்லது கெட்டது பார்க்கிறது எல்லாம் நான்தான். பூந்தமல்லி ஆஸ்பத்திரியில பொண்ணு பொறந்தது. என் கையில கொடுத்தாங்க. கோபக்காரனுக்கு அழுகை வராதுன்னு எவன் சொன்னான்?

பத்தாம் நாள் வேப்பம்பட்டுல இருக்கிற எங்க வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போக வண்டியைக் கொண்டு போனோம். வேற ஆள் ஏத்தலை. சில்லுனு தூறல். பச்சை உடம்புக்காரிக்கும் பச்சைப் புள்ளைக்கும் காத்து படக் கூடாது. பட்டா ஜன்னி வரும். எங்க பக்கம் இதுல ரெண்டாவது பேச்சே கிடையாது. தங்கச்சி காதுல பஞ்சு அடைச்சு, தலையைச் சுத்தித் துணி கட்டி, புள்ளையை மூக்கு மட்டும் தெரிய சுருட்டி வெச்சிருந்தா. பெஞ்சுல உட்கார்ந்ததும், "அண்ணா, இந்த ஓட்டை வழியா காத்து வருது. புள்ள தும்முது" என்றாள்.

வண்டியில கிடந்த ரெண்டு சாக்கை உதறி மடிச்சேன். ஒரு பக்கத்துக்கு ஒண்ணா, அந்த ஓட்டைகள்ல திணிச்சேன். சந்து தெரியக் கூடாதுன்னு விரலால அழுத்தி அழுத்தி அடைச்சேன். மூடக் கூடாதுங்கிற எழுத்து என் முழங்கைக்குப் பக்கத்துலயே இருந்தது.

"மச்சான், அந்தாளு மூடக் கூடாதுன்னு சொன்னாரே" என்றார் மாப்பிள்ளை.

"அவன் சொல்லுவான்! அவனா புள்ள பெத்தான்? நம்ம புள்ளைக்கு ஜன்னி வந்தா அவனா வந்து பார்ப்பான்? வண்டியை எடு மாப்ளே."

அவர் சிரிச்சுட்டு ஏறிட்டார். இன்னொரு தடவை அவர் சொல்லியிருந்தா கேட்டிருப்பேனோ என்னவோ. சொல்ல முடியாதபடி நான்தான் கத்தியிருந்தேனே.

நான் முன்னாடி அவர் பக்கத்துல உட்கார்ந்தேன். முன் சீட்டுக்குப் பக்கம் அடைப்பு கிடையாது, நல்ல காத்து.

ஆவடி ரயில்வே கேட்டு மூடியிருந்தது. பட்டாளத்துச் சாமான் ஏத்தின கூட்ஸ் வண்டி, முடிவே இல்லாம போய்க்கிட்டிருந்தது. அது போனதும் எதிர்ப்பக்கம் இன்னொண்ணு. இன்ஜினை நிறுத்தினா மறுபடி கிளப்பறது பெரும்பாடு, அதனால ஓடிக்கிட்டே இருந்தது. மாப்பிள்ளை பின்னாடி போய் டிரம் மூடியைத் திறந்து கரி போட்டுட்டு வந்தார். நான் கீழ இறங்கி பீடி பத்த வெச்சேன். பொட்டிக்குள்ள சத்தமே இல்லை.

"தூங்குறா போல" என்றார் மாப்பிள்ளை.

"தூங்கட்டும். பத்து நாளா எங்க தூங்கினா, பாவம்."

கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இடுப்புல புள்ள வீல்னு கத்திக்கிட்டிருந்தது. அதைக் கேட்டப்பதான் எனக்குச் சுருக்குன்னது. நம்ம புள்ளைக்கு இது பால் குடிக்கிற நேரமாச்சே, அழவே இல்லையே.

ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். தங்கச்சி பக்கப் பலகையில சாய்ஞ்சு கிடந்தா, கன்னம் சாக்குமேல அழுந்தியிருந்தது. மடியில புள்ள. அதோட கன்னம் செக்கச்செவேல்னு இருந்தது. இதை எப்படிச் சொல்றது? புள்ள நல்லா இருக்குன்னு ஒரு கணம் சந்தோஷப்பட்டேன்.

தங்கச்சியை இழுத்து ஈரத் தரையில போட்டோம். முகத்துல மழை பட்டுச்சு. வாந்தி எடுத்தா, மூச்சு வந்தது. புள்ளைக்கு வரலை. வாயில வாய் வெச்சு ஊதிப் பார்த்தேன், உள்ளங்காலைத் தேய்ச்சுப் பார்த்தேன். ஐயோ, அந்தக் கால் எவ்வளவு சின்னது.

கேட்டுக்காரர் ஓடி வர்றதுக்குள்ள மாப்பிள்ளை வண்டிக்குப் போய் ரெண்டு சாக்கையும் பிடுங்கி வாய்க்கால்ல எறிஞ்சார். என் முகத்தைப் பார்க்கலை. "இன்னா ஆச்சு?"ன்னு கேட்டுக்காரர் கேட்டப்போ, "ஜன்னிங்க. காத்து பட்டுடுச்சு" என்றார். அவர் யாரைக் காப்பாத்தினார்னு எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கலை.

மூணாம் நாள் தங்கச்சி என்னைப் பக்கத்துல கூப்பிட்டா. பால் கட்டி வலியில முனகிக்கிட்டிருந்தா. "அண்ணா, உன்கிட்ட மட்டும் சொல்றேன். அவர்கிட்ட சொல்லாதே. கேட்டுல நின்னப்போ ரயிலைப் பார்க்கணும்னு ஆசையா இருந்துச்சு. நீ அடைச்ச சாக்குல ஒரு மூலையை நெகிழ்த்திட்டேன். ஒரு விரக்கடைதான். அந்தச் சந்துல மூஞ்சியை வெச்சுப் பார்த்துக்கினே கண் அசந்துட்டேன். அது வழியாத்தான் காத்து வந்து புள்ளைய அடிச்சுடுச்சு. பாவி, நானே கொன்னுட்டேன்."

அந்த விரக்கடைதான் அவளைக் காப்பாத்தியிருக்கு. சொல்லலாம்னு வாயெடுத்தேன். சொன்னா புள்ள எதனால போச்சுன்னும் சொல்லணும். ஊருக்கெல்லாம் கத்துற வாய், அன்னிக்குக் கல்லாப் போச்சு.

அடுத்த வருசம் அதே இன்ஸ்பெக்டர், அதே புளியமரம். ஓட்டைக்குள்ள கையை விட்டுப் பார்த்தார். "மூடறது இல்லையே?"

"இல்லீங்க சார்" என்றேன். அவர் சாக்பீஸால டிக் போட்டார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கிட்டு நின்னார்.

அப்புறம் தங்கச்சிக்கு ரெண்டு புள்ளைங்க பொறந்தாங்க. ரெண்டையும் ஜன்னலைச் சாத்தி, சந்துக்கெல்லாம் துணி அடைச்சே வளர்த்தா. நான் போறப்பல்லாம் திறந்து விடுவேன். அவ திட்டிக்கிட்டே மூடுவா. மாப்பிள்ளை கடைசிவரைக்கும் அவகிட்ட ஒண்ணும் சொல்லாமலே போய்ச் சேர்ந்துட்டார்.

போன மாசம் அவளைப் பார்க்கப் போனேன். கண்ணு சரியாத் தெரியலை அவளுக்கு. என் கையைத் தடவிப் பிடிச்சுக்கிட்டு, "நீ அன்னிக்கு எவ்வளவு நல்லா அடைச்சுக் குடுத்தே, அண்ணா. நான்தான் கெடுத்தேன்" என்றாள்.

நான் அவ கையைத் தட்டிக் கொடுத்துட்டு வந்துட்டேன்.