கணவரின் கைப்பேசியில் நான் அழித்த கொக்கு

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. மலேசியாவில், தம்பினிலிருந்து கால்மணி நேரத் தூரத்தில் இருக்கும், எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். என் கணவர் அங்கே பழம் வெட்டும் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர். நான் தோட்டத்துப் பாலர் பள்ளியில் ஆசிரியை. ஒரே மகள் சிரம்பானில், ரஹாங் பக்கம் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறாள்.

அந்த வருடம் ஈஸ்டர் முடிந்த வாரத்தில் ஒரு காலை, யாரோ வெட்டிய மட்டை எதிர்பாராத பக்கம் சாய்ந்து என் கணவரின் தலைமேல் விழுந்தது. ஹெல்மெட் போட்டிருந்ததால் உயிர் தப்பினார். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருந்தது. சிரம்பானில் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தார். தலைக்குள் பெரிய அடி எதுவும் இல்லை, ஆனால் இரண்டு மூன்று மாதம் வேலைக்குப் போகக்கூடாது, மூளைக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தவர் பழைய ஆளாக வரவில்லை.

முன்பெல்லாம் வாசலில் மோட்டார் சத்தம் கேட்கும்போதே அவர் பேச்சுச் சத்தமும் கேட்கும். தோட்டத்தின் எந்தப் பிரிவில், எந்த நம்பர் காட்டில் யார் வேலை செய்தார்கள், எவன் வரவில்லை, லோரி எங்கே சேற்றில் மாட்டியது, எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வார். இப்போது கேட்டதற்கு "ம்" என்பார். இல்லாவிட்டால் தலையை ஆட்டுவார். ஒரு நாள் அவரிடம் ஆறு வருடமாக வேலை செய்யும் வங்காளதேச ஆள் ஒருவர், இரண்டு பப்பாளிப் பழங்களைத் தூக்கிக்கொண்டு பார்க்க வந்தார். என் கணவர் சிரித்தார், கையைக் குலுக்கினார், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனிதர் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ஆளு அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்காரு, என்னா ஏதுன்னு கூடக் கேக்க மாட்டீங்களா?" என்று சத்தம் போட்டேன். அதற்கும் "ம்"தான்.

பேசாதவர், கைப்பேசியை மட்டும் விடவில்லை.

மகள்தான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அதில் எதையோ இறக்கிக் கொடுத்திருந்தாள். செய்தி, வீடியோ எதுவும் வேண்டாம், இதை மட்டும் தினம் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று திரை வெளிச்சத்தையும் குறைத்து வைத்திருந்தாள். மதியம் சாப்பிட்டதும் பின்கட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நான் அந்தப் பக்கம் போனால் கைப்பேசியைத் தொடைமேல் கவிழ்த்து வைத்துவிடுவார். சில நேரம் தனக்குள் சிரித்துக்கொள்வார்.

அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு இல்லாத சிரிப்பு அந்தக் கைப்பேசிக்கு எப்படிக் கிடைக்கிறது? இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவள் நான். இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் வேறு யாராவது இருக்கிறார்களோ என்றுகூட நினைத்தேன்.

ஜூன் மாதம் ஒரு மதியம், அவர் மாத்திரை போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். பூட்டெல்லாம் கிடையாது. தப்பான செய்தி ஒன்றும் இல்லை, தெரியாத எண் ஒன்றும் இல்லை. நீல நிறத்தில் ஒரு சின்னப் படம். உள்ளே ஒரு வெள்ளைக் கொக்கு. தொட்டேன். மழைச் சத்தம் கேட்டது. தண்ணீருக்கு நடுவே ஓர் ஓட்டு வீடு. அதன் கூரைமேல் அந்தக் கொக்கு ஒற்றைக்காலில் நின்றது. அவ்வளவுதான். ஏதோ விளையாட்டு போலிருந்தது, ஓர் எழுத்துகூட இல்லை.

பயம் போய்விட்டது. ஆனால் அது போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துவிட்டது. மனைவியிடம் பேச வாய் வரவில்லை, பொம்மைக் கொக்கைப் பார்த்துச் சிரிக்க வருகிறதா? அந்தப் படத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தேன். அழிக்கவா என்று கேட்டது. அழித்துவிட்டேன்.

எழுந்ததும் வழக்கம்போல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் திரையைத் தள்ளித் தள்ளித் தேடினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அந்தக் கொக்க நீயா எடுத்த?"

"ஆமா. நான்தான் எடுத்தேன்."

"சரி," என்றார்.

திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். அவர் இயர்போனைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எதிரில் இருந்த செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் சாயங்காலம் என்னால் முடியவில்லை.

"ஏங்க, ஒரு வெளாட்டுக்கா இவ்வளவு கோவம்?" என்றேன்.

"கோவம் இல்லம்மா." ரொம்ப நேரம் கழித்துத்தான் அடுத்த வார்த்தை வந்தது. "பயம்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ பேசாத. நான் சொல்லி முடிச்சிடறேன். என் ஆளுங்க பேரு எனக்கு வரல. அன்னைக்கு பப்பாளி கொண்டாந்தாரே, மூஞ்சி தெரியுது, வூட்டுல எத்தன புள்ளைங்கன்னு தெரியுது, பேரு வரல. இருவத்திரெண்டாம் நம்பர் காட்டுக்கு எந்தப் பக்கம் திரும்பணும்னு யோசிச்சா வெறும் பொகையா இருக்கு. பேசினா நடுவுல வார்த்த நிக்குது. நீ உடனே எடுத்துக் குடுத்துடற. அப்ப எனக்கு இன்னும் பயமாப் போவுது. அதான் பேசல."

நான் அவர் காலடியில் சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அந்த வெளாட்டுல யாரு பேரும் சொல்ல வேணாம். சீக்கிரம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. தப்பாப் போனா அது பாட்டுக்கு நிக்கும், அவ்வளவுதான் லா. மொத நாளு ஒரே ஒரு படிக்கட்டத் திருப்ப எனக்கு அர மணி நேரம் ஆச்சு. போன வாரம் ஒரு வீட்ட ஒரே ஒக்காரல முடிச்சேன். நான் தேறி வரேன்னு எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுலதான்."

எட்டு வாரமாக அவர் தன் தலையைத் தானே சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தச் சோதனைத் தாளைத்தான் நான் கிழித்துப் போட்டிருக்கிறேன். கவிழ்த்து வைத்ததுகூட, தோற்பதை நான் பார்த்துவிடக் கூடாது என்றுதான். அன்றைக்கு நான் அழுதது போல என் கல்யாணத்துக்குப் பிறகு அழுததில்லை.

அடுத்த வாரம் அவரை மறுபடி சிரம்பானுக்கு அழைத்துப் போனேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டுவிட்டு, இப்படி அடிபட்டவர்களுக்கு இது வருவதுதான், பெரும்பாலும் மெல்ல மெல்லச் சரியாகும் என்றார். பேச்சுக்கும் நினைவுக்கும் பயிற்சி ஏற்பாடு செய்து கொடுத்தார். வரும் வழியில் காரில் அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

மகளிடம் நடந்ததைச் சொன்னேன். "அய்யோ அம்மா! திரும்ப எறக்கலாம் லா, ஆனா மொதல்லருந்துதான் வரும்," என்றாள். இறக்கினோம். என் கணவர் தொடவில்லை. முதலிலிருந்து என்ற வார்த்தை அவரை அடித்துவிட்டது என்று நினைக்கிறேன். "வேணாம்மா, விடு," என்று கைப்பேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

குற்ற உணர்ச்சி ஒரு பக்கம் இருந்தாலும், உண்மையைச் சொன்னால் எனக்கு வேறு ஒன்றும் இருந்தது. அந்தக் கொக்கிடம் அப்படி என்னதான் இருக்கிறது? தெரிந்தே ஆக வேண்டும் போலிருந்தது. என் கைப்பேசியிலும் இறக்கிக்கொண்டேன். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, பாலர் பள்ளியின் சின்ன நாற்காலியில் உட்கார்ந்து ஆரம்பித்தேன்.

தண்ணீருக்கு நடுவே வீடுகள். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கொக்கு நடந்து போக வழி செய்ய வேண்டும். பறக்காது. படிக்கட்டைத் திருப்பலாம், தூணை இழுக்கலாம், மதகைத் திறந்து தண்ணீரை ஏற்றலாம் இறக்கலாம். எதைச் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. ஓரத்தில் மணி ஓடவில்லை. மதிப்பெண் இல்லை. தப்பாகச் செய்தால் கொக்கு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். மழை பெய்துகொண்டே இருக்கும். தூரத்தில் எங்கோ ஒரு மணி எப்போதாவது ஒரு தரம் அடிக்கும்.

முதல் பத்து நிமிடம் எரிச்சலாக இருந்தது. கண்டதையும் திருப்பினேன். பிறகு கை தானாக நின்றது. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க, கூரைக்கு அடியில் ஒரு ஜன்னல் இருப்பது தெரிந்தது. அந்த ஜன்னலைத் திறந்தால் அதுவே பலகை மாதிரி நீண்டு பாலமாகும் என்று தோன்றியது. தொட்டேன். நீண்டது. கொக்கு நடந்து போனது. அப்போது வந்த சிரிப்பு என் சிரிப்புதான் என்று எனக்கே ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது. கடிகாரத்தைப் பார்த்தால் ஒரு மணி நேரம் போயிருந்தது. நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொல்கிறவள் நான். என்னை யாரும் அவசரப்படுத்தாத ஒரு மணி நேரம் எனக்குக் கடைசியாக எப்போது கிடைத்தது என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

நான்காவது வீட்டில் மாட்டிக்கொண்டேன். மூன்று நாள் முயன்றும் கொக்கு நகரவில்லை. ஒரு மதியம் பின்கட்டில் அவர் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். உதவி கேட்கவில்லை. என் பாட்டுக்குத் தூணை இழுத்துக்கொண்டிருந்தேன். ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர் பொறுக்க முடியாமல் சொன்னார்.

"அந்தத் தூணத் தொடாத."

"ஏன்?"

"அது கடைசில. மொதல்ல தண்ணிய எறக்கு. கீழ பாசி புடிச்ச கதவு ஒண்ணு இருக்கும்."

இறக்கினேன். இருந்தது.

"அத பாதி தொற. முழுசா தொறந்தா படி முழுகிடும். இப்ப எடது பக்கம் போ. ஆங். இப்ப தூணு."

கொக்கு கடந்து போய்விட்டது. நான் அதைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த வீட்ட எப்ப முடிச்சீங்க?" என்று மெல்லக் கேட்டேன்.

"மே மாசம். செம மழ அன்னைக்கு. நீ தம்பின் பசாருக்குச் சாமான் வாங்கப் போயி முழுசா நனைஞ்சி வந்தியே…" சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். இந்த முறை வார்த்தை கிடைக்காமல் நிற்கவில்லை.

"எனக்கு ஞாபகம் இருக்கு," என்றார்.

நான் கைப்பேசியை அவர் பக்கம் நீட்டினேன். 

என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிக்கொண்டார். எட்டு வாரமாக ஊர்ந்து கடந்த வீடுகளை மூன்று மதியத்தில் கடந்தார். சில இடங்களில் நினைவிலிருந்து செய்தார், சில இடங்களில் மறந்துபோய்ப் புதிதாகக் கண்டுபிடித்தார். நான் அழித்த இடத்தைத் தாண்டிய பிறகு இருவருக்கும் தெரியாத வீடுகள் வந்தன. அங்கே இருவரும் ஒன்றுதான். "அத இழுத்துப் பாரு", "இல்லங்க, மொதல்ல நிழலப் பாருங்க" என்று தேநீர் ஆறிப்போகும் வரை தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்ப்போம். கடைசி வீட்டுக்குப் பிறகு என்ன வந்தது தெரியுமா? ஒரு மரம், அதில் நிறையக் கொக்குகள். "இவ்வளவுதானா?" என்று அவர் கேட்க, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

விளையாட்டு அவரைக் குணப்படுத்தியது என்று நான் சொல்லமாட்டேன். ஓய்வும், பயிற்சியும், காலமும்தான் குணப்படுத்தின. ஆகஸ்டில் பழத்தை லோரியில் ஏற்றும் இடத்தில் அவருக்கு இலகுவான வேலை கொடுத்தார்கள். முதல் நாள் நானே காரில் கொண்டுபோய் விட்டேன். பப்பாளி கொண்டு வந்த அந்த ஆள் அங்கே நின்றிருந்தார். என் கணவர் நேராக அவரிடம் போய், தலையில் அடிபட்டதில் உன் பெயர் எனக்கு மறந்துவிட்டது, சொல்லு என்று மலாய் மொழியில் கேட்டார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பெயரைச் சொல்லி, என் கணவரின் தோளைத் தட்டி, இன்னொரு தரமும் மெதுவாகச் சொன்னார்.

இப்போது அவர் பழையபடி மண்டோர் வேலைதான் பார்க்கிறார். களைத்துப்போன நாட்களில் இன்னமும் நடுவில் ஒரு வார்த்தை நின்றுவிடும். நான் எடுத்துக் கொடுப்பதில்லை, காத்திருக்கிறேன். கைப்பேசியோ புத்தகமோ வெறும் ஜன்னலோ, ஒருவர் எதையாவது அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து "அதுல என்னா தெரியுது?" என்று கேட்கலாம் என்பது ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது, அதைத் தெரிந்துகொள்வதற்கு முன் அவர் தனியாக உட்கார்ந்திருந்த அந்த எட்டு வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை.