ஒரு துரையும் எங்கள் வாய்க்கால் கூட்டமும்

வன்னியில் எங்களுக்கு அரசாங்கக் காணி கிடைத்த புதிதில் சங்கக்கடையில் சீனியைப் பழைய பேப்பரில் சுற்றித் தருவார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அம்மாவுக்கு எழுத்தே தெரியாது. சீனியைப் போத்தலில் கொட்டிவிட்டு, அந்தத் தாளை வாசித்துக் காட்டுவேன்.

அப்படித்தான் ஒரு வெள்ளைக்காரத் துரையின் கதை துண்டு துண்டாக எங்களிடம் வந்தது. ஆபிரிக்காவின் தெற்கே ஒரு நாடு. துரையின் ஆட்கள் அங்கே கொஞ்சப் பேர். மற்றதெல்லாம் கறுத்த சனம். முதல் தாளில் அவர் புகையிலைத் தோட்டக்காரர், பாராளுமன்றத்துக்குப் புதியவர். பிறகொரு தாளில் மந்திரி. படிப்பும் சொத்தும் இல்லாத சனத்துக்கு வாக்குக் கொடுத்தால் நாடு கெட்டுவிடும் என்று பேசியிருந்தார்.

மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா கேட்டா:

"அவரின்ரை புகையிலையை நட்டது ஆராம்?"

"அது பேப்பரிலை இல்லையம்மா."

"இராது."

அடுத்த தாளில் துரையின் கட்சிக்காரரே அவர் இளகிவிட்டார் என்று சண்டை பிடித்தார்கள். அவர் இன்னும் இறுகி, தேர்தலில் திரும்பவும் வென்றார். எனக்குப் பொல்லாத ஆத்திரம்.

அந்த வருடம் வாய்க்கால் கூட்டம் வந்தது. தண்ணீர் முறை பார்க்கும் விதானையை, வயல் செய்யும் கமக்காரர் கை உயர்த்தித் தெரிவு செய்வார்கள். ஐயா செத்த பிறகு காணி அம்மாவின் பேரில். வாய்க்காலின் கடைசிக் காணி எங்களது. பழைய விதானை மேல்பக்கக் காணிக்காரரின் ஆள். அவரே வந்தால் தண்ணீர் எட்டாமல் எங்கள் நெல் கருகும்.

கூட்டத்தை நடத்தியவர் பென்சன் எடுத்த வாத்தியார்.

"கையெழுத்து வைக்கத் தெரிஞ்ச ஆக்கள் மட்டும் கையை உயர்த்துங்கோ. கைநாட்டு ஆக்கள் கோவிக்கக்கூடாது. இது பொறுப்பான அலுவல்."

"வாய்க்கால் வெட்டேக்கை கைநாட்டு வேண்டாமெண்டு சொன்னனீங்களோ, மாஸ்டர்?" என்றா அம்மா.

"அது மண்வெட்டி அலுவல், அக்கா!"

எல்லோரும் சிரித்தார்கள். எதிர்த்து நின்றவருக்காக உயர்த்திய கையை அம்மா இறக்கவில்லை. கைகளை எண்ணிக்கொண்டு வந்த மாஸ்டரின் பென்சில் அவாவைத் தாண்டிப் போனது. ஒரேயொரு கை வித்தியாசத்தில் பழைய விதானை வென்றார். துரையின் கதையைத்தான் இவரும் கதைக்கிறார் என்று பின்னால் நின்ற எனக்குத் தெரியும். வெட்கத்தில் வாய் திறக்கவில்லை.

பயிர் வாடத் தொடங்கியதும் பட்டப்பகலில் அம்மா வாய்க்கால் கரையை வெட்டினா. மாஸ்டர் சைக்கிளில் பறந்து வந்தார்.

"ஆரைக் கேட்டு வெட்டினனீங்கள்?"

"என்ரை கைதானே உங்கடை கண்ணுக்குத் தெரியாது. பிறகேன் கத்திறியள்?"

"காணிக் கந்தோருக்கு எழுதிக் காணியைப் பறிப்பிப்பன்!"

"எழுதுங்கோ மாஸ்டர்," என்றேன். "கூட்டத்திலை நடந்ததை நானும் எழுதுறன். அதுக்கு அஞ்சாம் வகுப்புப் படிப்பே காணும்."

அவர் சைக்கிளைத் திருப்பினார். தண்ணீர் வயலுக்குள் இறங்கியது. ஆனால் அம்மாவின் கையை அந்த மனிதர் கடைசிவரை எண்ணவேயில்லை.