அழைப்பிதழில் என் பெயருக்குப் பின்னால்

"பத்திரிகை அடிக்கிறது பரீட்சை எழுதுற மாதிரி இல்ல. யார் பேரை எப்படிப் போடணும்னு உனக்கு இன்னா தெரியும்?"

என் கல்யாண அழைப்பிதழை நானே எழுதுகிறேன் என்றபோது பெரியப்பா இப்படிக் கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியாது என்று அவர் நினைத்ததுதான் எரிச்சலாக இருந்தது.

தாம்பரத்தில், கல்யாணத்தை நடத்திவைக்கப்போகும் எங்கள் சபைப் போதகரிடம் அவர் பெயரை எப்படிப் போடுவது என்று நேரிலேயே போய்க் கேட்டேன்.

"பேருக்கு முன்னால மறைத்திருன்னு போடும்மா, போதும்" என்றார். அவர் படிப்பையும் போடட்டுமா என்றதற்கு, "கல்யாணம் எனக்கா, உனக்கா?" என்று சிரித்தார்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் அப்படி இல்லை. கீழ்க்கட்டளையில் ஒரு வீட்டு மாடியில் சபை நடத்துகிறவர். பெயருக்கு முன்னால் 'பேராயர்' வேண்டும், 'டாக்டர்' வேண்டும், எங்கள் போதகருக்கு மேல் வரியிலும் வேண்டும் என்றார். திருமணத்தை நடத்திவைப்பவர் பெயருக்கு மேலே, ஜெபம் மட்டும் செய்பவர் பெயர் வராது என்றேன். வரிசையை மட்டும் விட்டுக்கொடுத்தார்கள்.

"அத்தை, கீழ்க்கட்டளை மாமா எங்க டாக்டர் பட்டம் வாங்கினாரு?" என்று வருங்கால மாமியாரிடம் கேட்டேன்.

"ஊழியம் செய்றவங்ககிட்ட அதெல்லாம் கேக்கக் கூடாதும்மா. மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல."

போட்டேன். அச்சகம் தந்த மாதிரி அட்டையை அவர்கள் வீட்டுக்கு அனுப்பினேன். பேனாவால் ஒரே ஒரு திருத்தம் செய்து திருப்பி அனுப்பினார்கள். என் பெயருக்குப் பின்னால் இருந்த எம்.எஸ்சி. கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது.

மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன்.

"எனக்கு டிப்ளமோதானே. பக்கத்துல பக்கத்துல வந்தா ஒரு மாதிரி இருக்கும்னு அம்மா ஃபீல் பண்றாங்க."

"உங்க டிப்ளமோவையும் போடுறேன்."

"வேணாம்ப்பா. கார்டுதானே, யார் படிக்கப் போறா?"

என் அப்பா பார்ப்பார். பெயின்ட் அடிக்கும் வேலை, படிக்கத் தெரியாது. ஆனால் என் பெயர்ப் பலகையைச் செய்யக் கொடுத்து, வாங்கி வந்து வாசலில் மாட்டியவர் அவர்தான். என் பெயரும் அதன் பின்னால் வரும் எழுத்துகளும் அவருக்கு அடையாளம் தெரியும். அட்டையைக் கையில் வாங்கி, பேனாக் கோட்டின்மேல் விரலை வைத்தார்.

"இத ஏம்மா அடிச்சுட்டாங்க? எடம் பத்தலியா?"

மாமாவின் பட்டங்களுக்கு ஒரு முழு வரி இருந்தது.

மாப்பிள்ளைக்கு மறுபடி போன் செய்தேன். "பட்டம் போட்டா எல்லாருக்கும் போடலாம். இல்லன்னா யாருக்கும் வேணாம். மாமாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நீயே பார்த்துக்க" என்றார்.

பார்த்துக்கொண்டேன். அரை நாள் லீவு போட்டு, குரோம்பேட்டை அச்சகத்தில் மாமாவின் பட்டங்கள் அப்படியே இருக்க, என் எம்.எஸ்சி.யைத் திரும்பப் போடவைத்து, அட்டைகள் அச்சாகி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். முதல் அட்டையை உறையில் போட்டு, உறையின் மேலே பேராயர், டாக்டர் என்று மாமா கேட்டதில் ஒன்றும் குறையாமல் எழுதினேன். கீழ்க்கட்டளைக்குப் போய், மாமாவின் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.