துத்தநாகம் கால் குண்டுமணி

பேய் பிசாசு என்று எவனாவது வந்தால் சிரித்து அனுப்புகிற ஆள் நான். தங்கச் சுரங்க மில்லில் சயனைடு தொட்டியோரம் முப்பது வருஷம் நின்றவனுக்குச் செத்தவனைக் கண்டா பயம் வரும், நீங்களே சொல்லுங்கள். நம்ப மாட்டீர்கள், தெரியும். இருந்தாலும் கேளுங்கள்.

எனக்கும் கோவிந்தனுக்கும் ஸ்கெலட்டன் குடியிருப்பில் அடுத்தடுத்த வீடு. அவன் சுரங்கத்தில் கீழே இறங்குகிறவன், நான் மேலே மில்லில். ஷிப்ட் முடிந்ததும் ஆண்டர்சன்பேட்டைச் செட்டியார் நகைக் கடைக்குத் தங்கம் உருக்கிச் சங்கிலிக் கம்பி இழுத்துக் கொடுப்போம், கம்பி அறுந்துகொண்டே இருக்கும். ஒருநாள் சயனைடிலிருந்து தங்கத்தைப் பிரிக்க மில்லில் போடுகிற துத்தநாகப் பொடி என் சட்டை மடிப்பில் ஒட்டிக்கொண்டு வந்து, உருக்குகிற மூசைக்குள் கொட்டிவிட்டது, கோவிந்தன் தலையில் அடித்துக்கொண்டான், பார்த்தால் அந்தக் கம்பி மட்டும் அறுந்துபோகவே இல்லை. அளந்து அளந்து பார்த்துப் பவுனுக்குக் கால் குண்டுமணி எடை துத்தநாகம் என்று அளவைப் பிடித்தோம். பெண்டாட்டிகளிடம்கூடச் சொல்லவில்லை.

ஷாப்ட் என்கிற சுரங்கக் குழியில் கீழே இறங்குகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனைப் பலகையில் மாட்டிவிட்டுப் போவான், மேலே வந்ததும் எடுத்துக்கொள்வான். அன்றைக்குக் கோவிந்தன் தன்னுடையதை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். "இத நான் எவன்கிட்டயாவது சொன்னேன்னா டோக்கன தூக்கி ஷாப்ட்ல போட்டுடு. அப்பறம் நான் மேலயே வர வேணாம்டா."

ஆறு மாசத்தில் கீழே பாறை வெடித்துச் சரிந்தது. அவன் உடம்பு கிடைக்கவில்லை. பலகையில் தொங்கிக்கொண்டிருந்த டோக்கனை என்னிடம் கொடுத்தார்கள், பிஸ்கட் டின்னில் வைத்தேன், பதினெட்டு வருஷம் அங்கேதான் இருந்தது. அந்தக் கால் குண்டுமணியால்தான் செட்டியார் வேறு ஆளைத் தேடவில்லை, என் வீட்டில் உலை கொதித்தது.

சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம், பெங்களூரில் படிக்கிற செட்டியார் மகள் மீனா லீவுக்குக் கம்ப்யூட்டரோடு வந்தாள். உருக்காமலே கணக்குப் போட்டுப் பார்ப்பாளாம், தங்கத்தோடு எதைச் சேர்த்தால் நிலைத்து நிற்கும், எவ்வளவு இழுத்தால் அறும் என்று. நான் சிரித்தேன். ஒரு மத்தியானம் செட்டியார் காகிதத்தை ஆட்டிக்கொண்டு கூப்பிட்டார்.

"இன்னாப்பா, உன் ரகசியம் கால் குண்டுமணி துத்தநாகம்தானா? இதுக்கா இத்தினி வருஷம் கதவ சாத்திக்கினு உருக்கின?"

நான் மீனா பக்கம் திரும்பினேன். "யாரு பாப்பா சொன்னது?" என்றேன்.

"கம்ப்யூட்டர் கணக்குதான் தாத்தா. ஆனா நான் வெள்ளி, செம்புன்னே போட்டுக்கினு இருந்தேன், ஒத்து வரல. நேத்து சாயங்காலம் உங்க கூட்டாளின்னு ஒரு மாமா வந்தாரு. பின்னாடி நின்னு பாத்துட்டு, துத்தநாகம் கால் குண்டுமணி போடும்மான்னாரு. போட்டேன், நின்னுடுச்சு."

"ஆளு எப்படி இருந்தாரு?"

"ஒடம்பெல்லாம் வேர்வை. தொப்பில லைட்டு வச்சிருந்தாரு. பாவம், தண்ணி கேட்டாரு. போறப்ப சிரிச்சிக்கினே, அவன்கிட்ட சொல்லிடாதம்மான்னாரு."

அவனுக்காக அழுத அழுகையெல்லாம் அந்த நிமிஷம் எனக்குக் கசந்தது. உயிரோடு இருக்கையில் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன், அதோடு போயிருக்கும். செத்தவனின் எந்தச் சட்டையைப் பிடிப்பது? நேராக வீட்டுக்குப் போய் டோக்கனை எடுத்துக்கொண்டு நடந்தேன், அவன் இறங்கின ஷாப்ட் எப்போதோ மூடிக்கிடந்தது, அந்தக் குழியின் வேலிச் சந்தில் கையை விட்டுப் போட்டேன். விழுந்த சத்தம் கேட்கவே இல்லை. அடுத்த வாரம் செட்டியார் வேறு ஆளை வைத்துக்கொண்டார், நான் ஏன் என்று கேட்கவும் போகவில்லை.

பிறகொரு நாள் ரேஷன் கார்டைத் தேடி அந்த டின்னைத் திறந்தேன். டோக்கன் உள்ளே இருந்தது. அவனுடைய அதே நம்பர், நூற்றுப் பதினேழு. அடியாழத்துப் பாறை தொட்டால் சுடும் என்று கோவிந்தன் சொல்வான், அப்படிச் சுட்டது. மறுபடி கொண்டுபோய்ப் போட எனக்குத் தைரியமில்லை. இன்றைக்கும் அந்த மூடியில் கை வைத்துப் பாருங்கள், வெதுவெதுவென்றுதான் இருக்கும்.

சொன்னதைக்கூட விடுங்கள். அத்தனை வருஷமும் நான் அடுத்த வீட்டில்தானே இருந்தேன், தண்ணீரையாவது என்னிடம் வந்து கேட்டிருக்கலாம்.